பாஞ்சாலி காதில் விழுந்த பட்டா

பாஞ்சாலியை ஏமாற்றிவிட்டேன் என்று மார் தட்டிக்கொள்ள, கன்னட ஊரில் தமிழ்ப் பேட்டையான நீலசந்திராவில் ஒரு ஆள் கிடையாது. தக்காளிக்காரன் தராசைத் தூக்கினால் அவள் முள்ளைப் பார்க்க மாட்டாள், அவன் சுண்டுவிரலைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் என்ன விஷயம் என்று கேட்க மாட்டாள். நமக்கு ஏன் சொல்லவில்லை என்று யோசிப்பாள். அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகளை மேஜைமேல் விரித்துப் போட்டு, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடி, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க மாதச் சம்பளம் தருகிறார்கள் என்றால் பாஞ்சாலிக்கு வேறென்ன வேண்டும்? சூப்பர்வைசரே அவள் மேஜையைத் தாண்டும்போது தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். புருஷன் பச்சைமுத்து சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். தங்கமான மனிதன், ஆனால் யார் எது சொன்னாலும் நம்புவான். முன்பின் தெரியாத ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றதும் சைக்கிளைக் கொடுத்து அனுப்பினான். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. "பாவம், என்ன ஆச்சோ" என்று அந்த ஆளுக்காக இரண்டு நாள் வருத்தம் வேறு பட்டான். வீட்டில் ஒருத்தர் எல்லாவற்றையும் நம்பினால் இன்னொருத்தர் எதையும் நம்பாமல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்பது பாஞ்சாலியின் கட்சி.

வீடு மாமனார் கட்டியது. முன்னால் ஒரு ரூம், பின்னால் ஒரு ரூம், மேலே ஷீட்டு. முன் ரூமில் பாஞ்சாலியும் பச்சைமுத்துவும் பிள்ளைகள் சுனிலும் சங்கமித்ராவும். பின் ரூமில் கொழுந்தன் சின்னப்பா. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. கிழவர் செத்துப்போனபோது இந்த வீட்டைத்தான் விட்டுப்போனார், அதற்கு ஒரு காகிதத்தை விட்டுப்போகவில்லை. கரண்டு பில்லும் சில வரி ரசீதும் தவிர இந்த இடம் இன்னாருக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பாஞ்சாலியின் பயம் எல்லாம் அந்த இல்லாத காகிதத்தைச் சுற்றித்தான்.

சின்னப்பா சினிமாவில் கூட்டத்தில் நிற்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். சினிமாக் கம்பெனிகள் இருக்கிற காந்திநகரில் ஒரு புரொட்யூசருக்கு ராஜா படப் பைத்தியம். வருஷத்துக்கு ஒன்று எடுப்பார், எல்லாம் ஒரே கதை. கிழட்டு ராஜா சாகக் கிடப்பார். சிம்மாசனத்துக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். நடுவில் மந்திரி ஒருத்தர் தாடியைத் தடவிக்கொண்டே இரண்டு பக்கமும் மூட்டிவிடுவார். சந்தாபுரா தாண்டி ஒரு ஏரிக்கரையில் பிளாஸ்டர் கோட்டை போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன் ஏஜெண்டு வேன் வந்து நீலசந்திரா ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். அங்கே முதல் வேலை, "வாட்சைக் கழட்டு, செருப்பைக் கழட்டு" என்று ஒருத்தன் கத்திக்கொண்டே வருவது. அப்புறம் அட்டைக் கவசம், தகரக் கத்தி. ஆட்கள் கம்மி என்பதால் காலையில் சிவப்புத் தலைப்பாகை கட்டி அண்ணன் படை. மத்தியானம் சாம்பார் சாதம் தின்றுவிட்டுப் பச்சைத் தலைப்பாகை கட்டித் தம்பி படை. சின்னப்பா இதை வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஞ்சாலி மட்டும் சிரிக்கவில்லை. காலையில் ஒரு கட்சி, மத்தியானம் ஒரு கட்சி என்று நிற்கிறவனை எந்தக் கணக்கில் நம்புவது?

இந்த அவநம்பிக்கை அன்றைக்கு முளைத்ததல்ல. தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலாட்டா வந்தபோது தமிழ்த் தெருக்களில் எல்லாம் பயம். பாஞ்சாலியும் பச்சைமுத்துவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் பன்னிரண்டு நாள் கிடந்தார்கள். சின்னப்பா வரவில்லை, வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று நின்றுவிட்டான். அவனும் எதிர்வீட்டு லட்சுமம்மாவும்தான் அந்தச் சந்துக்குக் காவல். லட்சுமம்மா கன்னடக்காரி. சந்து முனையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களை எல்லாம், இங்கே இருப்பது எங்கள் ஜனம், நடையைக் கட்டுங்கள் என்று விரட்டினாள். இவர்கள் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு டம்ளர் குறையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கொழுந்தன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். பாஞ்சாலி நேராக டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மாமனாரின் வரி ரசீதுக் கட்டு வேறு நூலால் கட்டியிருந்தது. கேட்டதற்கு, வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டால் ரசீது போய்விடும் என்று பன்னிரண்டு நாளும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன் அண்ணி என்றான் சின்னப்பா. அவள் ரசீதுகளை ஒன்றொன்றாக எண்ணினாள். எல்லாம் இருந்தது. இருந்தும், இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கெங்கே போனான், யாரிடம் காட்டினான் என்று மனசு அரித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூன்று வருஷம் கழித்து அந்தச் செய்தி வந்தது. நீலசந்திராவில் அவர்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சர்க்கார் காகிதம் தரப் போகிறதாம். கன்னடத்தில் அதற்கு ஹக்கு பத்ரா என்று பேர். தமிழ் ஜனங்கள் வாயில் அது பட்டாதான். எந்த ஆபீஸ், எந்தத் துறை என்றெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. 'பட்டா ஆபீஸ்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வீடு வீடாக வந்து யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுவார்கள், எழுதின பேருக்குத்தான் பட்டா என்று பேச்சு. பாஞ்சாலிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அதே மாதம்தான் சின்னப்பா மாறிப்போனான். தலைமுடியைத் தோள்வரை வளர்த்தான். முகத்துக்கு என்னமோ கிரீம் தடவினான். வேலை விட்டு வரும்போது கண்ணோரத்தில் மை. கண்ணாடி முன்னால் நின்று முதுகை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டான். முன்பெல்லாம் ஷூட்டிங்கில் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பவன், இப்போது கேட்டால், ஒண்ணுமில்ல அண்ணி, அதே வேலைதான் என்று நழுவினான்.

பாஞ்சாலி கணக்குப் போட்டாள். எவளோ ஒருத்தி இருக்கிறாள். இருந்தால் கல்யாணம். கல்யாணம் என்றால் வீடு. வீடு என்றால் பட்டா. கணக்கு சரியாக வந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே அவன் கேட்டான், பட்டாவில் யார் பேரை எழுதுகிறார்கள், அண்ணன் பேரா, உங்கள் பேரா என்று. சாதாரணமாகத்தான் கேட்டான். வந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அதற்கு நாலாம் நாள் விடிகாலை. குழாயில் தண்ணீர் வருகிற நேரம். குடத்தை எடுக்கப் போனவள் பலகைத் தடுப்பின் ஓரம் அப்படியே நின்றாள். அந்தப் பக்கம் சின்னப்பா தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். கன்னடத்தில்.

"ஈ பட்ட நன்னது. நன்னது மாத்ர."

கொஞ்சம் நிறுத்தினான். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அண்ணனிகெ கொத்தாகபாரது" என்றான்.

பாஞ்சாலிக்குத் தெரிந்தது காய்கறிக் கன்னடமும் பஸ் கன்னடமும்தான். இதைப் புரிந்துகொள்ள அது போதும். இந்தப் பட்டா என்னுது. எனக்கு மட்டும்தான். அண்ணனுக்குத் தெரியக் கூடாது. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இருந்தது அவளுக்கு. குடம் காலியாகவே இருந்தது. அன்றைக்கு வீட்டில் தண்ணீர் இல்லை.

அவன் வேனில் ஏறிப் போனதும் பின் ரூமைப் பெருக்குகிற சாக்கில் தலையணையைத் தூக்கினாள். நாலாக மடித்த ஒரு காகிதம். முழுக்கக் கன்னடம், அங்கங்கே பேனாவால் கோடு. அவளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டு லட்சுமம்மாவிடம் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் சிரிப்போடு எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் லட்சுமம்மா கலாட்டாவில் பன்னிரண்டு நாள் அவனோடு சேர்ந்து காவல் இருந்தவள். இதில் கூட்டு இல்லை என்று என்ன நிச்சயம்? சுனில் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிறான், ஆனால் அவன் சித்தப்பா செல்லம், போய் உளறிவிடுவான். புருஷனிடம் சொன்னால் அவன் நேரே தம்பியிடமே கேட்பான், தம்பி என்ன சொன்னாலும் நம்புவான். படிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தர் பேரிலும் ஒரு சந்தேகம். காகிதம் அரிசி டின்னின் அடியில் போனது.

சாயங்காலம் சின்னப்பா ரூமைத் தலைகீழாகப் புரட்டினான். ஒரு பேப்பர் வைத்திருந்தேன், பார்த்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டான். முகம் வெளுத்திருந்தது. பார்க்கவில்லை என்றாள் பாஞ்சாலி. அவன் பட்ட பாட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

சர்வேக்காரர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். பாஞ்சாலி கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பெரிய ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பேர் ஸ்ரீகண்டன். மூக்குக்கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா, கூட இரண்டு உதவி ஆட்கள். வீட்டில் யார் யார் என்று கன்னடத்தில் கேட்டார். பாஞ்சாலி புருஷன் பேரைச் சொன்னாள், தன் பேரைச் சொன்னாள், பிள்ளைகள் பேரைச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஸ்ரீகண்டன் பழைய லிஸ்டைப் புரட்டி, சின்னப்பா என்று ஒரு பேர் இருக்கிறதே, தம்பி எங்கே என்று கேட்டார்.

"ஹோக்பிட்ரு சார்" என்றாள் பாஞ்சாலி.

இந்த இடத்தில் அவளுக்காக ஒரு வார்த்தை பேசிவிடலாம். தமிழில் 'போயிட்டார்' என்பதற்கு இருக்கிற இரண்டு அர்த்தமும் கன்னடத்திலும் உண்டு. வீட்டை விட்டுப் போய்விட்டான், இங்கே இல்லை என்ற அர்த்தத்தில்தான் அவள் சொன்னாள். அதுவே பொய், ஆனால் சின்னப் பொய். ஸ்ரீகண்டன் பேனாவை நிறுத்தி, 'த்சொ த்சொ' என்று நாக்கைச் சப்பினார். சின்ன வயசாயிற்றே என்றார். அப்போதுதான் அவர் என்ன புரிந்துகொண்டார் என்று பாஞ்சாலிக்கு உறைத்தது. ஐயோ அது இல்லை சார் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"யாவாக?" என்று கேட்டார் அவர். எப்போது?

பாஞ்சாலி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். "ஹோத வர்ஷ" என்றாள். போன வருஷம்.

இது சின்னப் பொய் இல்லை. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஸ்ரீகண்டன் ஸ்கேல் வைத்து அந்தப் பேரின்மேல் சிவப்புக் கோடு போட்டார், ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதினார், அடுத்த வீட்டுக்குப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் செத்துப்போனவன் வந்து அவள் கையால் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றான்.

இரண்டு மாதம் கழித்து மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து, பட்டாவைக் கொடுத்தார்கள். பச்சைமுத்து, பாஞ்சாலி என்று இரண்டு பேர். பாஞ்சாலி அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சின்னப்பா ஒரு பெட்டி மைசூர் பாக் வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தான். அவளிடம் ஒரு துண்டை நீட்டி, "இனி யாரும் நம்மள இங்கேருந்து எழுப்ப முடியாது அண்ணி" என்றான். தன் பேர் ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். கேட்காத ஆளை என்ன செய்வது? இவன் ஏன் சந்தோஷமாக இருக்கிறான், உள்ளுக்குள் என்ன திட்டம் என்று அன்று முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு துண்டு தின்ற பிறகுதான் தன் துண்டை வாயில் வைத்தாள். அடிப்பாவி, அவ்வளவு தூரம் போய்விட்டது.

அடுத்த வருஷம் கோடையில் படம் வந்தது. அதன் பேர் வாயில் நுழையாத நீளம். சின்னப்பா அல்சூர் தியேட்டரில் எல்லோருக்கும் டிக்கெட் வாங்கி வந்தான், லட்சுமம்மாவுக்கும் சேர்த்து. அப்போதுதான் விஷயத்தை உடைத்தான். தம்பி ராஜாவாக நடித்த ஹீரோவுக்குக் குதிரை ஏறத் தெரியாதாம், கத்திச் சண்டையும் வராதாம். அவருக்கு டூப் சின்னப்பா. அதற்குத்தான் முடி வளர்த்தது, முதுகை வளைத்துப் பழகியது. தூரத்து ஷாட்டில்கூடத் தாடை சரியாக அசைய வேண்டும் என்று டைரக்டர் வசனத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொன்னாராம். முன்பு ஒரு படத்தில் ராஜா பக்கத்தில் சாமரம் வீசுகிறேன் என்று தெருவையே கூட்டிக்கொண்டு போய், கடைசியில் திரையில் அவன் கை மட்டும் வந்தது. ஆறு மாதம் அவனை 'விசிறிக் கை' என்று கூப்பிட்டார்கள். அதனால்தான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லையாம். வசனப் பேப்பரைத் தொலைத்துவிட்டு டைரக்டரிடம் வாங்கிய திட்டைச் சொல்லி அவனே சிரித்தான்.

வசனப் பேப்பர் என்றதும் பாஞ்சாலிக்கு அரிசி டின் ஞாபகம் வந்தது. ஆனாலும் நம்பவில்லை. தியேட்டரில் லட்சுமம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அது வந்தது. காலி தர்பார். தம்பி ராஜா தனியாக உள்ளே வருகிறான். முகம் தெரியவில்லை, முதுகு மட்டும். வலது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. எத்தனை குடம் தண்ணீர் தூக்கிய முதுகு என்று பாஞ்சாலிக்குத் தெரியும். அந்த முதுகு சிம்மாசனத்தின் முன் போய் நின்றது. வேறு யாருடைய குரலோ கணீரென்று வந்தது.

"ஈ பட்ட நன்னது. நன்னது மாத்ர."

தியேட்டர் விசிலடித்தது. பச்சைமுத்து எழுந்து நின்று, என் தம்பி, என் தம்பி என்று பின்வரிசைக்குக் காட்டினான். பாஞ்சாலி லட்சுமம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"அக்கா, பட்டான்னா இன்னா? எந்த வீட்டுப் பட்டா?"

லட்சுமம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "பட்டா இல்ல பாஞ்சாலி, பட்ட. சிம்மாசனம். ராஜா பட்டம் கட்டறாங்க இல்ல, அது." சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். அங்கே மந்திரி வந்து நிற்க, முதுகு அவனிடம் திரும்பாமலே, "அண்ணனிகெ கொத்தாகபாரது" என்றது.

மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று அவளைக் கேட்டால் தெரியாது. தம்பி ராஜா அயோக்கியன், கடைசியில் கோட்டைமேலிருந்து விழுந்து சாகிறான், தியேட்டரே கை தட்டியது. பட்டம் என்று தமிழில் தினமும் சொல்கிற வார்த்தைதான். அந்த ஒரு எழுத்தைக் கேட்கத் தெரியாமல் உயிரோடு இருக்கிறவனுக்குப் பாடை கட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டது தப்பு என்றாலும், பிறகு சொன்னது கேட்டதால் வந்த தப்பு இல்லை, தானாகச் சொன்னது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் கம்பெனிக்குப் போகாமல் பட்டா ஆபீசுக்குப் போனாள். பொய் சொன்னேன், கேஸ் போட்டாலும் போடுங்கள், அந்தப் பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனாள். ஸ்ரீகண்டன் அவளைப் பார்த்ததும் எழுந்து, வராந்தாவின் கோடிக்கு அழைத்துக்கொண்டு போனார். நாலு பேர் முன்னால் கன்னடம் பேசுகிற மனிதர், தனியாக வந்ததும் தமிழுக்கு மாறினார்.

"உன் கொழுந்தன் இங்க வந்தாரும்மா. சர்வே முடிஞ்சு எட்டாவது நாள்."

பாஞ்சாலிக்கு முதலில் புரியவில்லை. சின்னப்பா கையில் ஒரு ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தானாம். தனக்கு அந்த வீட்டில் பாத்தியதை வேண்டாம், அண்ணி பேருக்கு எழுதிவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தானாம். அண்ணன் பேருக்கு ஏன் வேண்டாம் என்று ஸ்ரீகண்டன் கேட்டதற்கு அவன் சொன்னதை அவர் மறக்கவில்லை. அண்ணன் யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான், அண்ணி கையில் இருந்தால் எமன் வந்தாலும் அந்த வீட்டை வாங்க முடியாது என்றானாம்.

ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தால், கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தவன் போன வருஷமே செத்துவிட்டான். யார் சொன்னது என்று கேட்டானாம். ஸ்ரீகண்டன் சொல்லிவிட்டார்.

"ரொம்ப நேரம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தார். நான் திருத்திடறேன்னேன். வேணாம் சார், திருத்தினா எங்க அண்ணி பொய் சொன்னது ரெக்கார்டுல வரும், அப்படியே விட்டுடுங்கன்னார். பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டார். எனக்கும் பயம்தான், சர்வீஸ் இன்னும் நாலு வருஷம் இருக்கு. இப்ப நீ வந்து நிக்கற. போம்மா. இனிமே இதுக்காக வராத."

எட்டாவது நாள். பாஞ்சாலி பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். அப்படியானால் மைதானத்தில் பட்டா கொடுத்த அன்று அவனுக்குத் தெரியும். மைசூர் பாக் நீட்டியபோது தெரியும். அதற்குப் பிறகு எத்தனை மாதம் அவள் கையால் சாப்பிட்டான், ஒரு நாள்கூட முகம் மாறவில்லை. உலகத்தில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று பிறந்ததிலிருந்து நம்பியவள், ஒருத்தன் நிஜமாகவே மறைத்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சின்னப்பா பின்வாசலில் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபீசுக்குப் போய் வந்தேன் தம்பி என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அவன் சட்டையை அலசினான், பிழிந்தான், கொடியில் போட்டான். அப்புறம்தான் திரும்பினான்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் அண்ணி. கேக்காம எடுத்துக்கினீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். அவன் கோபப்படவில்லை. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அவள் என்னென்னவோ சொன்னாள்; பலகைத் தடுப்பு, அந்தக் கன்னடம், அரிசி டின்னில் இருந்த பேப்பர் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான். கடைசியில் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் சின்னப்பா சந்தாபுராவுக்கு ரூம் மாறிப் போனான். கோட்டை செட் பக்கம், விடிகாலை வேனுக்கு அலைய வேண்டாம் என்றான். பச்சைமுத்து நம்பினான். பின் ரூமில் சுனில் படுத்துக்கொண்டான். கோட்டையைப் பிரித்துப்போட்ட பிறகும் சின்னப்பா சந்தாபுராவிலேயே இருந்துவிட்டான். ஒரு பேக்டரியில் வாட்ச்மேன் ஆனான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாயிரம் பிறந்தது, சங்கமித்ரா காலேஜ் போனாள், தெருவில் மாடி வீடுகள் எழும்பின. பாஞ்சாலி குடும்பத்தை அந்த இடத்திலிருந்து யாரும் எழுப்பவில்லை. பட்டா பீரோவில் இருந்தது. புருஷனிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை.

பொங்கலுக்கும் அம்பேத்கர் ஜெயந்திக்கும் சின்னப்பா தவறாமல் வருவான். கையில் பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கும். கதவு திறந்துதான் கிடக்கும், உள்ளே எல்லோரும் அவனுக்காகத்தான் காத்திருப்பார்கள். அவன் வாசற்படிக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா அண்ணி?" என்று கேட்பான். பிள்ளைகள் சித்தப்பா சினிமா வசனம் பேசுகிறார் என்று சிரிப்பார்கள். டேய் நடிக்காதடா, உள்ள வாடா என்று பச்சைமுத்து சத்தம் போடுவான். அவன் நகர மாட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று பாஞ்சாலி ஒவ்வொரு வருஷமும் அவன் முகத்தைப் பார்க்கிறாள். அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து, "வா தம்பி" என்று அவள் சொன்ன பிறகுதான் அவன் செருப்பைக் கழற்றுகிறான்.